அரசுப் பள்ளிக்குப் போகும் மருத்துவர் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து அரசுப் பணியில் சேர்ந்த எனக்கு, எங்கள் வட்டாரத்தின் பள்ளி மருத்துவக் குழுவுக்குப் பொறுப்பு மருத்துவர் வேலை கொடுத்திருக்கிறார்கள். குழுவில் ஒரு செவிலியரும் ஒரு மருந்தாளுநரும் இருக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளிக்குப் போனால் 400 பிள்ளைகளையும் ஒரே நாளில் பார்த்து முடிக்கச் சொல்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் போவதில்லை. போன வாரம் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அம்மாகிட்ட சொல்லக் கூடாது மேடம்" என்று பேச்சைத் தொடங்கினாள். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இந்த வேலையை எப்படிச் செய்வது?

பதில்: முதலில் 400 பேர் கணக்கைப் பார்ப்போம். காலை வழிபாடு, மதியச் சாப்பாடு போக பள்ளியில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம், அதாவது 300 நிமிடம். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட வராது. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தை நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை 30 வகைக் குறைபாடுகளைத் தேடச் சொல்கிறது. முக்கால் நிமிடத்தில் 30 குறைபாட்டை யாராலும் தேட முடியாது. ஆகவே தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, ஒரு நாளைக்கு இத்தனை வகுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளிக்கு மூன்று நாள் ஆனால் ஆகட்டும்.

இதில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. எல்லாப் பிள்ளைகளையும் தொட்டுப் பார்ப்பது பொறுப்பு மருத்துவரின் வேலை அல்ல. முதலில் சோதித்துப் பிரிக்கும் வேலையைக் குழு செய்யட்டும். செவிலியர் உயரம், எடை, கண் இமையின் வெளுப்பு, பல், தோல் பார்க்கலாம். மருந்தாளுநர் பார்வைப் பரிசோதனை செய்யலாம். அவர்கள் பிரித்து அனுப்பும் பிள்ளைகளுக்கு நீங்கள் பத்து நிமிடம் கொடுங்கள். அதோடு, "நார்மல்" என்று அவர்கள் அனுப்பிவிட்டவர்களில் பத்துப் பேரை ஒவ்வொரு நாளும் நீங்களே எடுத்து மறுபடி பாருங்கள். குழு எதைத் தவறவிடுகிறது என்பது அங்கேதான் தெரியும். கையெழுத்துப் போடுவதைவிட இதுதான் உண்மையான மேற்பார்வை.

பார்வைப் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் ஸ்னெல்லன் அட்டைக்கு ஆறு மீட்டர் தூரம் வேண்டும். பல வகுப்பறைகளில் அது கிடைக்காது. தாழ்வாரத்தில் டேப் வைத்து அளந்து கோடு போட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முன்னால் போனவன் சொல்வதைக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவார்கள், அதனால் இரண்டு அட்டைகளை மாற்றி மாற்றி வையுங்கள். உள்ளங்கையால் கண்ணை அழுத்தி மூடினால் அந்தக் கண்ணின் முறை வரும்போது மங்கலாகத் தெரியும்; விரலால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்ப்பார்கள். ஒரு தடித்த அட்டைத் துண்டு போதும். 6/9 வரியைப் படிக்க முடியாதவர்களைக் கண் பரிசோதகரிடம் அனுப்புங்கள். இலவசக் கண்ணாடி கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் கிடைத்த கண்ணாடியைப் போடுகிறார்களா என்பதையும் அடுத்த முறை பார்க்க வேண்டும். கிண்டலுக்குப் பயந்து பைக்குள்ளேயே வைத்திருக்கும் பெண் பிள்ளைகள் நிறைய உண்டு. வகுப்பாசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் போட்டுக்கொள்வார்கள்.

உயர்நிலை, மேல்நிலைப் பிள்ளைகளிடம் நீங்கள் அதிகம் காணப்போவது ரத்தசோகை. பெண் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே, 15 வயதைத் தாண்டிய பையன்களுக்கு 13க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. எட்டுக்குக் கீழே போனால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள், உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 10 முதல் 19 வயது வரை வாரம் ஒரு முறை தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அது தடுப்புக்கான அளவு. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு அது போதாது. லேசான, நடுத்தர நிலையில் அதே மாத்திரை தினம் இரண்டு வீதம் மூன்று மாதம் வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரையை விழுங்கவில்லை, அல்லது காரணம் வேறு. மாதவிடாயில் அதிகமாகப் படுகிறதா என்று தனியாகக் கேளுங்கள். குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது போட்டார்கள் என்றும் கேளுங்கள்.

இந்த நீல மாத்திரை ஏன் குப்பைத் தொட்டிக்குப் போகிறது என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு வலிக்கும். ஒருத்தி வாந்தி எடுத்தால் அன்று வகுப்பே மாத்திரையைத் தொடாது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு. பதினொன்று, பன்னிரண்டில் படிக்கும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இந்த இரண்டுமே இல்லை. காலையில் டீயும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டு பஸ் பிடித்து வருபவர்கள் வழிபாட்டு வரிசையில் மயங்கி விழுகிறார்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும், டீயோடு கூடாது, மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதையெல்லாம் மாத்திரை கொடுக்கும் ஆசிரியரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். சுற்றறிக்கை படித்து அவருக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

இதயத்தைக் கேட்க அமைதியான ஓர் அறை வாங்கிக்கொள்ளுங்கள். நூறு பிள்ளைகள் சத்தம் போடும் ஹாலில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பயனில்லை. காய்ச்சலோடு மூட்டு மாறி மாறி வீங்கியதா, விளையாடும்போது மற்றவர்களுக்கு முன்னால் மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போகும் வாத இதய நோய் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. கண்டுபிடித்துவிட்டால் மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி வால்வைக் காப்பாற்றும். யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பி.டி. வாத்தியாரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். அவரை முதல் நாளே நண்பராக்கிக்கொள்ளுங்கள். விடுதி உள்ள பள்ளி என்றால் சொறிசிரங்கு கட்டாயம் இருக்கும். ஒருவனுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பத்து நாளில் திரும்பி வரும், அறை முழுவதற்கும் ஒரே இரவில் பூச வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேலை என்றால் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்ததும் சொத்தை என்று எழுதிவிடாதீர்கள், தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் உள்ள பகுதி அது.

சரி, சீட்டு விஷயம். அம்மா நூறு நாள் வேலைக்கும் அப்பா கட்டட வேலைக்கும் போகும் வீட்டில், மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் ஒரு நாள் கூலி போச்சு. சீட்டு பைக்குள்ளேயே கிழிந்துபோகும், பல அம்மாக்களுக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. அன்றைக்கே, பள்ளியிலிருந்தே, பெற்றோருக்குப் போன் செய்யுங்கள். "எந்த நாள் வர முடியும்?" என்று கேட்டு, இப்படி அனுப்பும் பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் அந்த நாளைச் சொல்லி வைத்துவிடுங்கள். ஒரே பள்ளியில் நான்கு பேர் இருந்தால், மேலதிகாரியின் அனுமதியோடு பெற்றோரையும் சேர்த்துக் குழு வண்டியிலேயே அழைத்துப் போக முடியுமா என்று பாருங்கள். ஒரு நோட்டு போடுங்கள்: எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் எண்), பிரச்சினை, அனுப்பிய இடம், போன தேதி, அங்கே என்ன செய்தார்கள். கடைசி இரண்டு கட்டம் காலியாக இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். மாத அறிக்கையில் கேட்பது எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்ற எண்ணிக்கையாக இருக்கலாம். நீங்கள் எண்ண வேண்டியது எத்தனை பேருக்குச் சிகிச்சை நடந்தது என்பதை.

இனி அந்த மாணவி. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொல்வதை வகுப்பிலோ ஊரிலோ பேச மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா உதவிக்கு ஒருத்தரைக் கூப்பிடுவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். மாதவிடாய் வலி, வெள்ளைப்படுதல், காதல், தேர்வு பயம் என்று இருந்தால் பெரும்பாலும் உங்களோடு முடிந்துவிடும். பாலியல் வன்முறை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்வது கட்டாயம். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. "பள்ளி பேர் கெட்டுப்போகும், நாங்களே பார்த்துக்கிறோம்" என்று யார் கேட்டாலும் இசையாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைத்தால் குழந்தைக்குத் துணை கிடைக்கும். சட்டப்படியான பரிசோதனையைப் பள்ளியில் செய்யக் கூடாது. அது மருத்துவமனையில், பெண் மருத்துவரால், பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடனிருக்க நடக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் கர்ப்பம் என்றால் சம்மதத்தோடு நடந்திருந்தாலும் தகவல் சொல்லியாக வேண்டும். கருக்கலைப்புக்கு வரும்போது சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரை வெளியிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது.

இப்படி ஒரு பிள்ளை உங்களிடம் பேச வேண்டுமென்றால் இடம் அதற்குத் தோதாக இருக்க வேண்டும். எடையைச் சத்தமாகப் படிக்காதீர்கள். திரை இல்லாமல் சட்டையைத் தளர்த்தச் சொல்லாதீர்கள். பரிசோதிக்கும்போது செவிலியரோ ஆசிரியையோ கூட இருக்கட்டும், பேசும்போது கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் விலகி நிற்கட்டும். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களிலும் முடிவு வரும் வாரத்திலும் தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்று வரும் பிள்ளையிடம் "சாகணும்னு தோணுச்சா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியாக வீட்டுக்கு அனுப்பாமல் பெற்றோரை வரவழைத்து அன்றைக்கே மனநல மருத்துவரிடம் சேருங்கள். இரவில் பேச ஆள் வேண்டும் என்பதற்காக டெலிமனஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டையும் அந்தப் பிள்ளையின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.