கவுன்சில்ல "பாஸ்" ஆயிடுச்சுன்னு சொன்னா வேலை எப்போ ஆரம்பிக்கும்?

ராஜகீழ்ப்பாக்கத்துலேருந்து ஒரு குடியிருப்போர் நலச்சங்க செயலாளர் மேடம் கேட்டிருக்காங்க: "எங்க தெருவுக்கு மழைநீர் வடிகால் போன மாசம் தாம்பரம் மாநகராட்சி கூட்டத்துல பாஸ் ஆயிடுச்சுன்னு கவுன்சிலர் சொன்னார் சார், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா பாஸ் ஆச்சுன்னா என்ன அர்த்தம், அந்த பேப்பரை நாங்க எங்க பார்க்கிறது, எப்போ தோண்டுவாங்க? இன்னொண்ணு, எங்க ஏரியாவுல பல வருஷமா குப்பை எடுக்கிற தூய்மைப் பணியாளர்களை மாநகராட்சி மேடையில வச்சு கௌரவிக்கணும்னு சங்கத்துல எல்லாருக்கும் ஆசை, அதுக்கு யாரைப் பார்க்கணும்?"

மேடம், ரெண்டுமே நல்ல கேள்வி. நான் நகராட்சியில மன்றப் பிரிவுல, அதாவது கூட்டத்துக்கு அஜெண்டா தயார் பண்ற செக்‌ஷன்ல ரொம்ப வருஷம் உக்காந்தவன், அதனால முதல் கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

"பாஸ் ஆயிடுச்சு"ன்னு யாராவது சொன்னா உடனே கேக்க வேண்டியது, எந்தக் கட்டம் பாஸ் ஆச்சு? ஏன்னா ஒரே வடிகால் வேலை மன்றத்துக்கு ஒரு தடவைக்கு மேலயும் வரும். முதல்ல ஏரியா உதவிப் பொறியாளர் வந்து அளந்து எஸ்டிமேட் போடுவார், அந்த மதிப்பீட்டுக்கு நிர்வாக அனுமதி, அதாவது இந்த வேலையை இந்தச் செலவுல செய்யலாம்ங்கிற ஒப்புதல், கேட்டு ஒரு தீர்மானம் வரும். அப்புறம் தொழில்நுட்ப அனுமதி, அதாவது வரைபடமும் எஸ்டிமேட்டும் சரியா இருக்கான்னு பார்க்கிறது, அது பொறியாளர்கள் பக்கம் நடக்கிறது, தொகையைப் பொறுத்து எந்த லெவல் பொறியாளர்ங்கிறது மாறும். அதுக்கப்புறம் டெண்டர். தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகள்படி 2 கோடி ரூபா வரைக்குமான வேலைக்கு குறைஞ்சது 15 நாள், அதுக்கு மேல போனா 30 நாள் அவகாசம் கொடுக்கணும். ஒருத்தருமே டெண்டர் போடலைன்னாலோ, போட்டவங்க கேட்ட தொகை ரொம்ப அதிகமா இருந்தாலோ மறுபடி டெண்டர், மறுபடி அதே நாள் கணக்கு. கடைசியா யாரோட ஒப்பந்தப்புள்ளியை, அதாவது யார் போட்ட டெண்டரை, ஏத்துக்கிறதுன்னு இன்னொரு தீர்மானம், அப்புறம் அக்ரிமென்ட், ஒர்க் ஆர்டர், அதாவது பணி ஆணை. ஒர்க் ஆர்டர் கையில வந்தாதான் காண்ட்ராக்டர் தெருவுல ஜேசிபியை இறக்க முடியும்.

உங்க கவுன்சிலர் சொன்னது முதல் தீர்மானமா கடைசி தீர்மானமாங்கிறதுல மாசக்கணக்குல வித்தியாசம் இருக்கு. அவர் பொய் சொல்றார்னு அர்த்தம் இல்ல, தன் வார்டு வேலை அஜெண்டாவுல வந்ததே அவருக்கு பெரிய விஷயம்தான், அதுக்காக மண்டல ஆபீசுக்கும் ஹெட் ஆபீசுக்கும் நடந்திருப்பார். ஆனா ஜனங்க அதைக் கேட்டுட்டு அடுத்த வாரமே தோண்டுவாங்கன்னு எதிர்பார்த்து கோவப்படுறது இதனாலதான்.

அந்தத் தீர்மானத்தோட காப்பி கிடைச்சா, பக்கம் பக்கமா இருக்கிற அலுவலகக் குறிப்பைப் படிச்சு தலையைப் பிச்சுக்க வேண்டாம், நேரா கடைசி வரிக்குப் போங்க. "மதிப்பீட்டிற்கு நிர்வாக அனுமதி வழங்க மன்றத்தின் முடிவுக்கு வைக்கப்படுகிறது"ன்னு இருந்தா நீங்க முதல் படியில இருக்கீங்க. "குறைந்த விலைப்புள்ளி அளித்த ஒப்பந்ததாரரின் ஒப்பந்தப்புள்ளியை ஏற்க"ன்னு இருந்தா வேலை வாசல் வரைக்கும் வந்தாச்சு. "பின்னேற்பு"ன்னு ஒரு வார்த்தை பார்த்தீங்கன்னா, அவசரம்னு மேயர்கிட்ட முன் அனுமதி வாங்கி ஏற்கெனவே தொடங்கின இல்ல முடிச்சே விட்ட வேலைக்கு இப்போ மன்றத்துல அனுமதி வாங்கறாங்கன்னு அர்த்தம், மழைக்காலத்துல மோட்டார் வாடகை, மணல் மூட்டை மாதிரி செலவெல்லாம் இப்படி வரும். "ஒத்திவைக்கப்பட்டது"ன்னா அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்கணும். அதே மாதிரி உங்க மண்டலத்துக்கு மட்டுமான மண்டலக் குழுக் கூட்டத்துல பாஸ் ஆச்சா, மொத்த மாநகராட்சிக்கான மாமன்றத்துல பாஸ் ஆச்சான்னும் கேளுங்க, ரெண்டும் வேற வேற கூட்டம்.

முன்னாடி உங்க ராஜகீழ்ப்பாக்கம் செம்பாக்கம் நகராட்சியில இருந்தப்போ உங்க ஃபைல் போற தூரம் கம்மி. 2021 நவம்பர் 3ம் தேதி தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்னு 5 நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலைன்னு 5 பேரூராட்சிகளையும் ஒண்ணாக்கி தாம்பரம் மாநகராட்சி ஆக்கினாங்க, இப்போ 70 வார்டு, 5 மண்டலம். 70 வார்டு வேலையும் ஒரே அஜெண்டாவுக்கு வந்து நிக்குது, அதனால தீர்மான எண்ணும் தேதியும் கையில இல்லாம ஆபீசுக்குப் போனா யாராலயும் டக்குனு எடுத்துக் கொடுக்க முடியாது. கவுன்சிலர்கிட்ட முதல்ல அந்த எண்ணை வாங்குங்க, அவர்கிட்ட அஜெண்டா புக் இருக்கும், நீங்க கேட்டா போட்டோ எடுத்துக்க விடுவார்.

அங்க கிடைக்கலைன்னா ஆர்.டி.ஐ. தான். தகவல் உரிமைச் சட்டம் 4வது பிரிவுலயே, ஒரு அமைப்போட மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்ததா, அதோட நடவடிக்கைக் குறிப்புகளை ஜனங்க பார்க்கலாமாங்கிறதை அவங்களாவே வெளியிடணும்னு இருக்கு. அதனால தயங்காம எழுதுங்க. மாநகராட்சி பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைப் பேப்பர்ல, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எதுக்குக் கேக்கறீங்கன்னு காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. கேள்வியை இப்படி வைங்க: "இன்ன வார்டு, இன்ன தெரு மழைநீர் வடிகால் பணி தொடர்பான மன்றத் தீர்மானம், மதிப்பீடு, வரைபடம், பணி ஆணை ஆகியவற்றின் நகல் வழங்கவும்." "ஏன் லேட்டு", "எப்போ முடிப்பீங்க"ன்னு எழுதினா அது தகவல் கிடையாதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, ஆவணத்தோட பேரைச் சொல்லிக் கேக்கணும். நகலுக்கு பக்கத்துக்கு 2 ரூபா. 30 நாளுக்குள்ள பதில் வரணும், தாண்டிட்டா அந்த நகலை இலவசமாவே கொடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, பதிலே வரலைன்னா 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கும் மேல 90 நாளுக்குள்ள மாநிலத் தகவல் ஆணையம்.

நேர்ல போய் ஃபைலைப் பார்க்கவும் உரிமை இருக்கு, முதல் ஒரு மணி நேரத்துக்கு கட்டணம் கிடையாது. வேலை நடக்கும்போது அதை ஆய்வு பண்றதும், போடற காங்கிரீட்டுல சாம்பிள் கேக்கறதும்கூட அதே சட்டத்துல 2(ஜே) பிரிவுல வருது, இதை நிறைய சங்கங்கள் பயன்படுத்தறதே இல்லன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம்.

வரைபடம் கையில வந்ததும் ஒண்ணே ஒண்ணு பாருங்க மேடம், தண்ணி கடைசியா எங்க போய் விழுது? உங்க பக்கத்து தண்ணி செம்பாக்கம் ஏரிக்குப் போய், நன்மங்கலம் வழியா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகணும். முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம்னா அடையாறு. உங்க தெரு வடிகால் வேளச்சேரி மெயின் ரோட்டைத் தாண்டணும்னா அந்த ரோடு நெடுஞ்சாலைத் துறையோடது, அவங்க அனுமதி இல்லாம குறுக்கே வெட்ட முடியாது. தெருவுக்குள்ள வடிகால் கட்டிட்டு ரோட்டு ஓரத்துல மூடி வச்சுட்டாங்கன்னா ஐப்பசி மழையில அந்தத் தண்ணி முழுக்க கடைசி நாலு வீட்டு வாசல்லதான் நிக்கும். வெளியேறுற இடம் எஸ்டிமேட்டுல இருக்கா, நெடுஞ்சாலைத் துறைக்கு கடிதம் போயிருக்கான்னு இப்பவே கேளுங்க, தோண்டினதுக்கப்புறம் கேட்டு பிரயோஜனம் இல்ல. கூடவே, யாரும் செப்டிக் டேங்க் பைப்பை அந்த வடிகால்ல சொருகாம பார்த்துக்கிறது சங்கத்தோட வேலை, அது நேரா ஏரிக்குப் போற தண்ணி.

இதையெல்லாம் வாயால கேட்டுப் பதிவு பண்ண பகுதி சபான்னு ஒரு இடம் இருக்கு. கிராமசபை மாதிரி நகரத்துக்கு. 2022 நவம்பர் 1ம் தேதி உள்ளாட்சி தினத்தன்னைக்கு பம்மல்ல நடந்த பகுதி சபாவுல முதலமைச்சரே வந்து உக்காந்தார், அதாவது உங்க மாநகராட்சியிலதான். வருஷத்துக்கு நாலு தடவை, ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. அந்தப் பகுதி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாரும் அதுல உறுப்பினர், சங்கத்துல இல்லாதவங்களும்தான். பேசிட்டு மட்டும் வராதீங்க, எழுதிக் கொடுத்து குறிப்புல ஏத்தச் சொல்லுங்க. செப்டம்பர் கூட்டம் மழைக்கு முன்னாடி வர்றதால வடிகாலுக்கு அதுதான் முக்கியம்.

இப்போ ரெண்டாவது கேள்வி. உங்க மனசுக்கு முதல்ல ஒரு வணக்கம். 2023 சுதந்திர தினத்தன்னைக்கு சிறந்த மாநகராட்சிகள்ல திருச்சி முதல் பரிசு, தாம்பரம் ரெண்டாவது பரிசு வாங்கிச்சு, அந்த மாதிரி பரிசெல்லாம் காலையில நீங்க கோலம் போடறதுக்கு முன்னாடியே தெருவுக்கு வந்துடறவங்க உழைப்புல வர்றது. அவங்க பேரும் மேடையில வரணும்னு நீங்க நினைக்கிறது நியாயம்.

வழி சிம்பிள்தான். சங்க லெட்டர்பேட்ல மேயருக்கு ஒரு மனு, ஆணையருக்கு ஒரு நகல், மண்டலக் குழுத் தலைவருக்கு ஒரு நகல், எல்லாத்துலயும் கவுன்சிலரோட பரிந்துரைக் கையெழுத்து வாங்கிக்கோங்க. குடியரசு தினம், சுதந்திர தினத்துல கொடியேத்திட்டு நல்லா வேலை செஞ்சவங்களுக்கு சான்றிதழ் கொடுக்கிறது உள்ளாட்சிகள்ல வழக்கம், அந்தப் பட்டியல் முன்கூட்டியே ரெடியாயிடும், அதனால ஜனவரிக்கு டிசம்பர் தொடக்கத்துலயும் ஆகஸ்டுக்கு ஜூலை தொடக்கத்துலயும் மனு போயிடணும். "எங்கள் பகுதி தூய்மைப் பணியாளர்களைப் பாராட்ட வேண்டும்"னு பொதுவா எழுதினா நிரந்தரப் பணியாளர் லிஸ்ட்லேருந்து யாரையாவது எடுத்துப் போட்டுடுவாங்க. உங்க தெருவுல வேலை பார்க்கிறவங்க காண்ட்ராக்ட் கம்பெனி ஆளா இருந்தா அந்த லிஸ்ட்லயே இருக்க மாட்டாங்க. அதனால பேரைக் குறிப்பிட்டு, "ஒப்பந்தப் பணியாளர்"னு சேர்த்து, எந்தத் தெரு, எத்தனை வருஷம், வெள்ளத்தப்போ என்ன செஞ்சாங்கன்னு ரெண்டு ரெண்டு வரி எழுதுங்க.

அதே மனுவுல இன்னொரு கோரிக்கையும் சேருங்கன்னு நான் கேட்டுக்கிறேன். உங்க வார்டுல அவங்க துணி மாத்த, கை கால் கழுவ, டிபன் சாப்பிட ஒரு ரூம் இருக்கான்னு நீங்களே போய்ப் பாருங்க. நான் பார்த்த பல இடத்துல பொம்பளைங்க ட்ரான்ஸ்ஃபார்மர் நிழல்லயோ பூட்டின கடை படிக்கட்டுலயோ உக்காந்துதான் சாப்பிடறாங்க, பாத்ரூம் போக வழியில்லன்னு தண்ணியே குடிக்காம வேலை பார்க்கிறாங்க. பாத்ரூமோட ஒரு ஓய்வறை வேணும்னு சங்கம் எழுதிக் கொடுத்து, பகுதி சபாவுல பதிவாகி, கவுன்சிலர் மன்றத்துல கேட்டார்னா அதுவும் அஜெண்டாவுல ஒரு பொருளா வரும். மனு எழுதறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, எந்த இடத்துல ரூம் வேணும்னு அவங்களுக்குத்தான் தெரியும். பேரையும் அவங்க ஐடி கார்டைப் பார்த்து இனிஷியலோட எழுதுங்க, சான்றிதழ்ல பேர் தப்பா வந்தா அதைத் திருத்தி வாங்கறதுக்குள்ள இன்னொரு சுதந்திர தினமே வந்துடும்.