குழந்தை வன்கொடுமை, புறக்கணிப்பு புகார்களை விசாரிக்கும் களப்பணியாளர்களுக்கு மேல் இருப்பவருக்கு கையெழுத்துப் போடுவதைத் தவிர என்ன வேலை?

கேள்வியின் கடைசிப் பாதியைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு இந்த மாதிரி ஒரு பணிக்கு விண்ணப்பிக்கும் யோசனையில் இருப்பீர்கள், இல்லையென்றால் உங்கள் ஊர்ப் புகார் ஒன்று அறிக்கையோடு நின்றுபோன கோபத்தில் கேட்டிருப்பீர்கள். எதுவானாலும் சரி. நான் தென் மாவட்டம் ஒன்றில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பாதுகாப்பு அலுவலராகப் பல வருடம் இருந்தவள். ஊர் பெயர் எழுத மாட்டேன், எழுதினால் பிள்ளைகள் யாரென்று தெரிந்துவிடும். கீழே சொல்லப்போவதிலும் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு புகார் வந்தால் அது சுற்றி வந்து புறத்தொடர்பு பணியாளர் அல்லது சமூகப் பணியாளர் கைக்கு வரும். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு சமூக விசாரணை அறிக்கை எழுதுவார், படிவம் 22. விஷயம் குழந்தைகள் நலக் குழுவின் முன் போய்விட்டால், அந்த விசாரணையை முடிக்க சிறார் நீதிச் சட்டம் 15 நாள் தருகிறது. குழு அந்த அறிக்கையை வைத்துத்தான் பிள்ளை வீட்டில் இருக்கலாமா, குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும். நடுவில் அறிக்கையைப் படிக்கிற ஆள் நான். கையெழுத்தும் போடுவேன், ஆமாம். ஆனால் போடாமல் திருப்பி அனுப்பிய அறிக்கைகளில்தான் என் வேலை இருந்தது.

ஒன்று சொல்கிறேன். பாட்டி பேரனைப் போட்டு அடிக்கிறார் என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அழைப்பு. பையன் நாலாம் வகுப்பு. அம்மா இல்லை, அப்பா திருப்பூரில் வேலை. எங்கள் களப்பணியாளர் பொண்ணு ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருந்தாள்: உடம்பில் காயம் இல்லை, பையன் தவறாமல் பள்ளி போகிறான், ஏழைக் குடும்பம், பாட்டி பாசமாக இருக்கிறார், புகாரில் உண்மையில்லை. எழுத்து முத்து முத்தாக இருந்தது, ஒரு கட்டம்கூடக் காலியில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: “பையன்கிட்ட தனியா பேசினியாம்மா?” “இல்ல மேடம், பாட்டி பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. அஞ்சே முக்கால் பஸ்ஸை விட்டா அடுத்து பஸ் இல்ல.”

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊருக்குப் பேருந்து அப்படித்தான். மறுபடி வீட்டுக்குப் போகாதே, காலையில் பள்ளிக்குப் போ என்று அனுப்பினேன். அங்கே காலை உணவு சமைக்கிற மகளிர் குழு அக்காதான் முதலில் பேசியது. “திங்கக்கிழமை மட்டும் நான் அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே வந்து நிப்பான். உப்புமாவை மூணு தடவை வாங்குவான். மத்த நாள்ல அப்படியில்ல.” சனி, ஞாயிறு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது, அப்பா பணம் அனுப்புவதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது. பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் பன்னை எடுத்துவிட்டான், அதற்குத்தான் பாட்டி விளக்குமாற்றால் அடித்திருக்கிறார். ஆக, புகார் உண்மை, அதற்கு அடியில் பசி. இதை அவன் எங்கள் பணியாளரிடம் தனியாகச் சொன்னான், பாட்டியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது என்று உறுதி கேட்டுக்கொண்டு.

குழந்தைகள் நலக் குழு அவனை இல்லத்துக்கு அனுப்பவில்லை. அடுத்த தெருவில் இருந்த அத்தை பொறுப்பேற்றார், மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு எழுதினோம். “அதிகாரிகள் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள்” என்று கருத்துப் பெட்டியில் எழுதப்போகிறவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன். இல்லம் என்பது வேறு வழியே இல்லாதபோதுதான், சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

“ஆபீஸில் உட்கார்ந்து கேள்வி கேட்பது சுலபம்” என்றும் சிலர் வருவீர்கள். நானும் பேருந்தில் தொங்கிக்கொண்டு களத்துக்குப் போனவள்தான். ஆனால் வெளியே இருந்து ஒருவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. ஐவரி கோஸ்டிலிருந்து உறவுக்காரப் பெண்ணோடு லண்டன் போய், 2000 பிப்ரவரியில் இறந்த விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமியின் உடம்பில் 128 காயங்கள் இருந்தன. சமூகப் பணியாளர், மருத்துவமனை, போலீஸ் எல்லோருக்கும் தெரிந்த பிள்ளை. அந்த மரணத்தை விசாரித்து 2003-இல் வந்த லாமிங் அறிக்கை சொன்னவற்றில் ஒன்று, பிள்ளையையும் அதை வளர்ப்பவரையும் நேரில் பார்த்துப் பேசாமல் கோப்பை மூடக் கூடாது என்பது. மேற்பார்வை செய்பவர் கோப்பைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட வேண்டும் என்பது இன்னொன்று. அங்கே ஒரு உயிர் போன பிறகு எழுதிய விதி, நமக்கும் அதுவே பொருந்தும்.

கேள்வி கேட்பது பாதிதான். மீதிப் பாதி அந்தப் பணியாளரைப் பார்த்துக்கொள்வது. போக்சோ வழக்கில் ஆறு வயதுப் பிள்ளை சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தவளிடம் அன்றைக்கே அறிக்கை கேட்கக் கூடாது. முதலில் சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டும், அப்புறம் கதவைச் சாத்திவிட்டு அவள் பேசும்வரை உட்கார வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் ஊரில் செல்வாக்கானவன் என்றால் தனியாக அனுப்பவே கூடாது. “எம் பொண்ணு வீட்டுக்கு வழி கேட்டுட்டு ஒருத்தன் வந்தான்” என்று ஒரு பணியாளரின் அம்மா எனக்கு இரவில் போன் செய்திருக்கிறார். அடுத்த நாளே அந்தக் கோப்பை என் பெயருக்கு மாற்றிக்கொண்டு, இனி போலீஸ் துணையோடுதான் போவோம் என்று எழுதிக் கொடுத்தேன்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. மைக்கைத் தூக்கிக்கொண்டு நலக் குழு அலுவலக வாசலில் நிற்கிற யூடியூப்காரர்கள். பிள்ளையின் முகத்தை மங்கலாக்கிவிட்டு, சீருடையைக் காட்டுவார்கள், தெருவைக் காட்டுவார்கள், அம்மாவை அழவிட்டுப் படம் எடுப்பார்கள். ஊரில் யாருக்குத் தெரியாமல் இருக்கும்? சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு இதற்கு ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் என்கிறது. நாங்கள் கெஞ்சிக் கேட்டும் நீக்காத வீடியோக்கள் இன்னமும் இருக்கின்றன. அதில் ஒரு பெண் பிள்ளை பள்ளிக்கூடத்தையே மாற்ற வேண்டி வந்தது. பார்க்கிறவர்களும் பகிர்கிறவர்களும் நாம்தானே?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்கு வரப்போகிறீர்கள் என்றால் வாருங்கள், நல்ல ஆட்கள் தேவை. தொகுப்பூதியம்தான், நிரந்தரம் கிடையாது, அதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். நேர்காணலில் இரண்டு விஷயம் கூச்சப்படாமல் கேளுங்கள்: பயணப்படி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும், மாலைக்கு மேல் உள்கிராமத்துக்குப் போக நேர்ந்தால் வண்டி யார் தருவார்கள். உங்கள் புகார் நின்றுபோய்க் கேட்டிருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் எழுத்தில் கொடுங்கள், பிள்ளையிடம் தனியாகப் பேசினார்களா என்று அதில் கேளுங்கள்.