செட்டிநாட்டு வீடும் 7 ஏக்கரும்: 10 அறை போடலாமா?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் ஐயா காலத்து வீடு, 5 பங்காளிகளுக்குப் பொது. எனக்கு மட்டும் 7 ஏக்கர் செம்மண் நிலம்; பாதி சீமைக்கருவேலம். ஒரு கிணறு உண்டு. வீட்டில் 10 அறை போட்டு விருந்தினர் விடுதி, நிலத்தில் இயற்கை விவசாயம் என்று நினைக்கிறேன். எதில் தொடங்குவது?

பதில்: 10 அறையை மறந்துவிடுங்கள், 4 போதும். காரணம் தண்ணீர்.

கூரைப் பரப்பு 400 சதுர மீட்டர் என்று வைப்போம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். உங்கள் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ. சிந்தியது சிதறியது போக 2,88,000 லிட்டர் தேறும். ஓர் ஆளுக்கு நாளைக்கு 150 லிட்டர் என்றால், 20 பேருக்கு 96 நாளில் தீர்ந்துவிடும். 8 பேருக்கு 240 நாள் வரும். அத்தனையும் தொட்டியில் அடங்காது. 50,000 லிட்டருக்கு ஒரு தொட்டி கட்டி, மிச்சத்தைக் கிணற்றுக்குத் திருப்புங்கள். அறைகள் சூழ்ந்த வளவு முற்றத்தின் நான்கு மூலையிலும் கிடாரம் என்ற பெரிய அண்டா வைத்து மழைநீர் பிடித்த வீடுகள் இவை. புதிதாக நாம் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

சுத்தியல் எடுக்கும் முன் பங்காளிகளிடம் பேசுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், 10 ஆண்டுக்குக் குறையாத குத்தகைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று வீடு குடும்பத்துக்கு வேண்டிய நாட்களை அதிலேயே குறித்துவிடுங்கள். முன்பதிவு வாங்கிய வாரத்தில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நியாயம் சித்தப்பா பக்கம்தான்.

அடுத்து சுவர். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். நானே ஒரு முறை கொத்தனார் பேச்சைக் கேட்டு, ஈரம் ஏறிய பட்டாலை (கூடம்) சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் பூச விட்டேன். இரண்டாம் மழையில் ஈரம் வெளியேற வழியில்லாமல் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. தட்டிப் பார்த்தால் பொத்து பொத்தென்று சத்தம். அதற்கு மேலிருந்த பழைய பளிங்குப் பூச்சு தட்டுத் தட்டாக விழுந்தது. கடுக்காய், கருப்பட்டி ஊறவைத்த தண்ணீரில் சாந்து குழைக்கத் தெரிந்தவர் கிடைக்கும்வரை சுவரைத் தொடாமல் விடுவது மேல். குளியலறைக்கு வளவு அறைகளை உடைக்க வேண்டாம். வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டில், இரண்டு அறைக்கு நடுவே உள்ள ஓர் அறையை அதற்குக் கொடுத்துவிடுங்கள். குழாய் சுவருக்கு வெளியே ஓடட்டும், அழகில்லை என்றாலும் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். குளித்த தண்ணீர் கல்வாழைப் பாத்தி வழியாக வாழைக்குப் போகலாம்.

நிலத்தில் பலரும் சறுக்குவது நாட்காட்டியில். விருந்தினர் வருவது கார்த்திகை முதல் மாசி வரை. நெல் அறுப்பும் தையில்தான். ஒரே ஆட்கள் வயலிலும் வேண்டும், அடுப்படியிலும் வேண்டும். அதனால் நெல்லை ஒன்றரை ஏக்கரோடு நிறுத்துங்கள். அதில் அரை ஏக்கர் கறுப்புக் கவுனி. 5 மாதப் பயிர், ஆனால் காலைப் பலகாரத்தில் கவுனி அரிசி வைத்தால் கேள்வி கேட்காத விருந்தினர் இல்லை. 2 ஏக்கரில் நிலக்கடலை, ஊடே வரிசைக்கு உளுந்து. கருவேலத்தை வேரோடு எடுத்த இடத்தில் நெல்லி, மா, எலுமிச்சை. வேலியில் முருங்கை. வரப்பில் பனை இருந்தால் வெட்டாதீர்கள், ஆள் வராத சித்திரையில் நுங்காவது காசு தரும். உழவுக்கும் எருவுக்கும் புலிக்குளம் மாடு ஒரு சோடி. பாலை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். அறை வாடகை சுவருக்கும் கூரைக்கும் போகும், நிலம் சமையலறைச் செலவைத் தாங்கினாலே முதல் 3 ஆண்டுக்குப் போதும்.

காகித வேலை அதிகமில்லை. மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் 6 அறை வரைதான், உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். சென்னையில் இருந்துகொண்டு நடத்துவது அதில் சேராது, இதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைக் குடிவரவுத் துறைக்கு இணையத்தில் ஏற்ற வேண்டும்.

தொடங்குவது எதில் என்றுதானே கேட்டீர்கள்? ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றத் தெரிந்த ஒருவரைக் கூரையில் ஏற்றுங்கள். உடைந்த ஓட்டுக்குப் பதில், இடிந்த வீட்டில் கழற்றிய பழைய நாட்டு ஓடே கிடைக்கும். முதல் மழையன்று நீங்களும் போய் வளவில் நின்று, எங்கெங்கே சொட்டுகிறது என்று சாக்கட்டியால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள்.