மச்சம் காட்டப் போகிறீர்களா? சாக்ஸையும் கழற்றுங்கள்

தோல் மருத்துவப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். தோல் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

அக்கா, ஸ்கேன் எடுப்பார்களா? வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

சாப்பிட்டுவிட்டே போங்கள். ஸ்கேன் கிடையாது, ரத்தமும் எடுக்க மாட்டார்கள். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை கண்ணால் பார்ப்பதுதான் பரிசோதனை. சந்தேகமான இடத்தில் டெர்மாஸ்கோப்பை வைப்பார்கள். விளக்கு வைத்த பூதக்கண்ணாடி மாதிரி, சுமார் 10 மடங்கு பெரிதாகக் காட்டும். சில சமயம் ஜெல் தடவுவார்கள், சில்லென்று இருக்கும். பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

எல்லா உடையையும் கழற்றச் சொல்வார்களா? நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

பொதுவாக உள்ளாடையோடு மேலே ஒரு கவுன் கொடுப்பார்கள். பார்க்கும் இடத்தை மட்டும் விலக்குவார்கள். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் நேரம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். மறைவான இடத்தில் மச்சம் இருந்தால் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். நகப்பூச்சு, மேக்கப் வேண்டாம். தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டும் வராதீர்கள், முடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான் நல்ல கறுப்பு. எனக்கெல்லாம் இது வருமா என்ன?

வெள்ளைத் தோலை விட வாய்ப்பு மிகக் குறைவு, உண்மைதான். ஆனால் கறுப்புத் தோலில் மெலனோமா (தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய்) வந்தால், பெரும்பாலும் வெயிலே படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில்தான் வந்தது. 1977-இல் கண்டுபிடித்தார்கள், 1981-இல், 36 வயதில் இறந்துபோனார். அதனால்தான் "காலில் ஒன்றுமில்லை சிஸ்டர்" என்று சாக்ஸோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் விடாமல் மல்லுக்கட்டுவேன். விரல் இடுக்கையும் பார்த்தாக வேண்டும். பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

கட்டைவிரல் நகத்தில் கறுப்புக் கோடு. எங்கோ இடித்துக்கொண்டதாக நினைக்கிறேன்.

இடித்த ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகரும், பின்னால் சுத்தமான நகம் தெரியும். நகத்தின் அடியிலிருந்தே ஓடுகிற கோடு அப்படி நகராது. கறுப்பு நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கோடு இருப்பது சகஜம். ஒரே விரலில் புதிதாக வந்தது, அகலமாகிறது, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்பு படர்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

உடம்பெல்லாம் மச்சம். எதைக் காட்டுவது?

இரு பாதியும் ஒத்துப்போகாதது, ஓரம் பிசிறடித்தது, பல நிறம் கலந்தது, 6 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தது. என்னைக் கேட்டால் இவற்றை விட முக்கியம் மாற்றம். "ஆறு மாதமாகப் பெரிதாகிறது, துணி உரசினால் ரத்தம் வருகிறது" என்று சொன்னால் மருத்துவர் நேராக அங்கேதான் குனிவார். பழைய போட்டோ இருந்தால் கொண்டு வாருங்கள்.

பயாப்ஸி என்றாலே புற்றுநோய்தானே? கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?

இரண்டுமே இல்லை. பயாப்ஸி என்பது சந்தேகமான இடத்தை வெட்டியெடுத்து ஆய்வுக்கு அனுப்புவது, அவ்வளவுதான். அப்படி எடுக்கிறவற்றில் நிறைய சாதாரண மச்சம் என்றே வரும். கத்தி பட்டால் பரவும் என்பது வீண் பயம். மரத்துப்போக ஊசி போடும்போது சுருக்கென்று வலிக்கும், அப்புறம் இழுப்பது மட்டும் தெரியும். ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். சந்தேகமான மச்சத்தை அழகு நிலையத்தில் சுட்டு மட்டும் எடுத்துவிடாதீர்கள். சுட்டுவிட்டால் ஆய்வுக்கு அனுப்ப எதுவுமே மிஞ்சாது.

ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வருடா வருடம் போகணுமா?

எல்லோருக்கும் தேவையில்லை. குடும்பத்தில் மெலனோமா இருந்தாலோ, உறுப்பு மாற்று செய்துகொண்டவர் என்றாலோ எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று மருத்துவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.