வாடகைத் தாய் முறையை இஸ்லாம் ஏற்கிறதா?

கணவனின் விந்தணுவும் மனைவியின் கருமுட்டையும் சேர்ந்த கருவை வேறொரு பெண் சுமந்தால் அதில் விபசாரம் எங்கே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சுன்னி அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் இதைக் கூடாது என்கிறார்கள். ஆயினும், என் பார்வையில், அவர்களது வாதத்தின் மையம் விபசாரம் அல்ல, 'நஸப்' எனப்படும் வம்சாவழிதான். அது கலங்கினால் யார் யாருக்கு வாரிசு, யார் யாரை மணக்கக் கூடாது என்பதெல்லாம் குழம்பிவிடும்.

குர்ஆனின் 58ஆம் அத்தியாயம் 2ஆம் வசனம், பெற்றெடுத்தவர்களே தாய்மார்கள் என்கிறது. மனைவியைத் 'தாயின் முதுகு போன்றவள்' என்று சொல்லி விலக்கிவைத்த அரபு வழக்கத்தைக் கண்டிக்க வந்த வசனம் அது. இன்று அதுவே, சுமந்தவள் தாயா, முட்டை தந்தவள் தாயா என்ற விவாதத்திலும் எடுத்துக்காட்டப்படுகிறது. மக்காவிலுள்ள, இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் அமைப்பான ஃபிக்ஹ் பேரவை, ஒரே கணவனின் மற்றொரு மனைவி கருவைச் சுமக்கலாம் என்று 1984இல் அனுமதித்து, 1985இல் அதைத் திரும்பப் பெற்றது. சுமக்கும் மனைவி அதே காலத்தில் தானும் கருத்தரித்துவிட்டால் எந்தக் குழந்தை யாருடையது என்று எப்படிப் பிரிப்பது என்பதே சிக்கல். மரபணுச் சோதனை பரவலாகிவிட்ட இன்று அந்தக் குறிப்பிட்ட காரணம் வலுவிழந்துவிட்டது எனலாம். தடை மட்டும் நிற்கிறது.

ஷியா அறிஞர்கள் பலர் இதை அனுமதிக்கிறார்கள். ஈரானில் மருத்துவமனைகளில் வெளிப்படையாகவே நடக்கிறது. பாலூட்டிய செவிலித்தாய்க்கு இஸ்லாமியச் சட்டம் தரும் உறவுநிலையைச் சுமந்தவளுக்கும் தரலாம் என்ற கருத்தும் உண்டு.