ராணுவப் பயிற்சியில் ஸ்டாமினா கூடுமா? பெண்களால் ஓட்டத்தில் தாக்குப்பிடிக்க முடியுமா?

கூடும். நான் சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் ஓ.டி.ஏ.வில் 49 வாரம் லேடி கேடட்டாக, அதாவது பயிற்சி பெறும் பெண்ணாக இருந்தவள். கேள்வியைப் பார்த்தால் நீங்கள் காலேஜ் கடைசி வருஷம், வீட்டில் அம்மா "உன்னால முடியாதுடி" என்கிறார் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் அதேதான்.

முதல் வாரம் 2.4 கிலோமீட்டர் ஓட எனக்கு 14:50 ஆனது. மூன்றாம் மாதம் 12:40. காலையில் எழுந்ததும் கட்டிலிலேயே நாடியை எண்ணுவேன். 84 இருந்தது 64க்கு இறங்கியது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடியதால் வந்த மாற்றம் அது.

கூடவே சேர்ந்த ஒரு பையன் காலேஜில் 5,000 மீட்டர் ஓடியவன். அதே உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்), அதே பி.டி.; அவன் நேரம் பத்து செகண்ட்கூடக் குறையவில்லை. அவன் உழைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஓடியே பழகாதவர்களுக்குத்தான் ஏற்றம் அதிகம். ஏற்கெனவே ஓடுகிறவனுக்கு, எல்லோரையும் சேர்த்து ஓட்டும் வேகம் போதாது.

"அப்போ ஆம்பளைக்குச் சமமா ஓடுவீங்களா?" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: சராசரியில் வித்தியாசம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. பெண்களுக்கு இதயம் சிறியது, ஹீமோகுளோபினும் குறைவு. நான் டாக்டர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். ஐந்தாம் மாதம் என் நேரம் திடீரென்று மோசமானது. சோம்பல் என்று நினைத்து இன்னும் கூடுதலாக ஓடினேன். எம்.ஐ. ரூமில் (அங்குள்ள மருத்துவ அறையில்) ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 10.2, 12ஆவது இருக்க வேண்டும். கடும் பயிற்சியில் இரும்புச்சத்து இறங்கும், மாதவிலக்கும் சேர்ந்துகொள்ளும். மாத்திரை சாப்பிட்டு இரண்டு மாதம் கழித்துத்தான் பழைய நேரம் திரும்பியது. நீங்கள் சேர்வதற்கு முன்பே பரிசோதித்துவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே இடத்தில் வலித்தால் மறைக்காதீர்கள். எலும்பில் கீறல் விழுவது பெண்களுக்குத்தான் அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும். எங்கள் ஸ்கூலில் பி.டி. பீரியட் என்றால் பையன்களுக்குப் பந்து, எங்களுக்கு வேப்பமரத்தடி. பத்தாவது வந்ததும் அந்தப் பீரியடையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டார். 21 வயதுவரை நான் ஒரு கிலோமீட்டர் சேர்ந்தாற்போல ஓடியதே இல்லை. அந்த 14:50இல் பாதி மரத்தடியில் உட்கார்ந்த கணக்கு.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். மரம் அப்படியே நிற்கிறது. அடியில் பெண் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.