தறித்தெருவில் மனக்கவனப் பயிற்சி – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆந்திராவில், தமிழக எல்லையை ஒட்டிய நகரியில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் விசைத்தறித் தெருவில், படபடப்பும் தூக்கமின்மையும் உள்ள பெண்களுக்காக ஒரு தொண்டு அமைப்பு மைண்ட்ஃபுல்னஸ், அதாவது மூச்சையும் உடலையும் மனத்தையும் அந்தந்த நொடியில் கவனிக்கப் பழகும் பயிற்சி தொடங்கியது. வகுப்பு முற்பகல் பதினோரு மணிக்கு, ஏட்டுத் தெலுங்கில். சில வாரங்களிலேயே பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். “தவணைக்காரன் வாசலில் நிற்கிறான், நான் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்காரவா?” என்று ஓர் அக்கா கேட்டார். இது வசதி உள்ளவர்களுக்கான சமாசாரம்தானா?

எஸ்., நகரி

அன்புள்ள எஸ்.,

அந்த அக்கா கேட்டது நியாயம். கடனைப் பயிற்சி அடைக்காது. அடைக்கும் என்பதுபோலப் பேசுகிறவர்களை நம்பவும் வேண்டாம். ஆனாலும் இது வசதி உள்ளவர்களுக்கு மட்டுமானது என்று நான் சொல்லமாட்டேன்.

இன்று பல நாடுகளில் நடக்கும் எட்டு வாரப் பயிற்சியை 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் தொடங்கினார். நாள்பட்ட வலியோடு அலைந்த நோயாளிகளுக்காகத் தொடங்கிய அதை, 1990களில் அவரது குழு வூஸ்டர் நகரின் ஏழைக் குடியிருப்புகளுக்கும் கொண்டுபோனது. வகுப்பு ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் நடந்தது; கட்டணம் கிடையாது; வந்துபோக வண்டி ஏற்பாடு செய்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வைத்தார்கள். என்னைக் கேட்டால் அந்தத் திட்டத்தின் உயிர் அந்த வண்டியிலும் பிள்ளை பார்த்த ஆளிலும்தான் இருந்தது. உங்கள் தெருவில் விட்டுப்போனதும் அதுதான். தறி நின்றால் கூலியும் நிற்கும் இடத்தில் பதினோரு மணி வகுப்புக்கு ஒரு விலை உண்டு; அதைக் கொடுப்பது அந்தப் பெண்கள். வீட்டில் தமிழில் புலம்புகிறவர்களுக்கு ஏட்டுத் தெலுங்கில் மனத்தைக் கவனிக்கச் சொல்லித்தருவதோ, எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது.

பயிற்சிக்குப் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. பதற்ற நோய் உள்ள 276 பேரிடம் அமெரிக்காவில் நடந்து, 2022இல் வெளியான ஆய்வில், இந்த எட்டு வாரப் பயிற்சி பதற்றத்துக்குக் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரைக்குக் குறைவில்லாத பலன் தந்தது. ஆனால் அந்த முறை வாரம் இரண்டரை மணி நேர வகுப்பும், வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரமும் கேட்பது. உங்கள் தெருவில் அப்படியே எடுபடாது.

நெஞ்சு படபடக்கிறது, ‘ஏதோ ஆகப்போகிறது’ என்று மனம் சொல்கிறது, அதைக் கேட்டு நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. படபடப்பைப் படபடப்பாக மட்டும் கவனிக்கப் பழகினால் இந்தச் சுழற்சி தளரும், கடன் அப்படியே இருந்தாலும். இதற்குக் கண்ணை மூடி உட்கார வேண்டியதில்லை. இழை அறுந்து தறியை நிறுத்தும் அந்தச் சில நொடிகளில், நின்றபடியே பாதம் தரையில் அழுந்துவதைக் கவனித்தால் போதும், தொடங்குவதற்கு. சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடும். அவர்கள் பாதத்தோடும், பக்கத்துத் தறியின் சத்தத்தோடும் நிற்கலாம். சொல்லித்தருபவர் தெருப் பெண்களில் ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது.

தொடர்ந்து தூங்காதவர்களையும், சாவைப் பற்றிப் பேசுகிறவர்களையும் இந்த வகுப்பை நம்பி விட்டுவிடாதீர்கள். கட்டணமின்றி எந்நேரமும் இயங்கும் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

அமைப்பினரிடம் முதலில் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். தவணை வசூல் நாளில் வகுப்பே வேண்டாம். தவணையைத் தள்ளிக் கேட்பதற்கு உங்கள் குழு தனியாக உட்காரட்டும். இரண்டையும் ஒரே கூட்டத்தில் கலந்தால், கடனுக்குப் பதில் மூச்சைக் கொடுக்கிறார்கள் என்றே அந்த அக்கா நினைப்பார்.